உட்செவியின் உப்பும் ஒரு திங்கட்கிழமையும்

"முட்டைக்குள்ள என்னாங்க தேடுறீங்க?"

"காது."

"கோழிக்கு ஏதுங்க காது?"

"இருக்கு. இறகுக்குள்ள மறைஞ்சிருக்கு."

"மறைஞ்சிருக்கிறத ஏங்க போய்த் தொந்தரவு பண்றீங்க?"

கேட்டவள் என் மனைவி பவளம். இடம், என் தந்தையார் வீட்டின் பின் விறாந்தை. காலம், அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நீண்ட விடுமுறை. மூடுபனி விறாந்தையின் பாதிவரை ஏறி வந்து நின்றிருந்தது. நான் பல்கலைக்கழகத் துறையிலிருந்து இரவல் வாங்கி வந்த நுண்ணோக்கியின் மேல் குனிந்திருந்தேன். அவள் நீர் சொட்டும் துணி வாளியை இடுப்பில் வைத்தபடி என் மேல் குனிந்திருந்தாள். நுண்ணோக்கியின் கண்ணாடியில் அவளுடைய கூந்தல் நீர் ஒரு துளி விழுந்தது. மூன்று மணி நேர உழைப்பு அந்தத் துளியில் கரைந்து போயிற்று.

"ஐயையோ, காது நனைஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துணி உலர்த்தப் போனாள்.

பவளம் மறைந்து பத்து மாதங்கள் ஆகின்றன. இத்தொடரில் அவளைப் பற்றி எழுதுவதை நான் வாரக்கணக்கில் ஒத்திப் போட்டு வந்திருக்கிறேன். அண்மையில் இதழாசிரியர் தொலைபேசியில், "உங்கள் மனைவி எப்போது வருவார்?" என்று வினவினார். தொடருக்குள் என்ற பொருளில்தான் வினவினார். இந்த வாரம் என்று சொல்லிவிட்டேன்.

மாரியாயியின் ஆணி

என் தந்தையார் மலையகத்தில் அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்தார். கொழுந்து ஆலைக்குள் நுழைந்தது முதல் தூளாகிப் பெட்டியில் அடங்கும்வரை அதற்கு அவரே பொறுப்பு. படிகளில் இறங்கினால் ஆலைச் சுவரை ஒட்டியே எங்கள் வீடு. நான் பிறந்ததும் அங்கேதான். பின்னர் படிப்பு என்னைக் கீழ்நாட்டுக்கும் கடல் கடந்தும் இழுத்துச் சென்று, இறுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பிப்பவனாக இறக்கிவிட்டது. தோட்டத்தில் இதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "டீமேக்கர் ஐயா மகன் கோழி டாக்டருக்குப் படிச்சிருக்காரு" என்பதே பொதுவான முடிவு.

ஆய்வுக்கு எனக்கு வேண்டியிருந்தவை அடைகாக்கப்பட்ட முட்டைகள். எத்தனையாவது நாள் என்பது பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். அவற்றைத் தந்தவள் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் குடியிருந்த மாரியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண். ஒரே வேளையில் நான்கு கோழிகளை அடைக்கு உட்கார்த்தும் ஆற்றல் அவளுக்கு இருந்தது.

"ஐயா, இது பன்னெண்டு நாளு. இது பதினாலு. கரியால கோடு போட்டிருக்கேன், எண்ணிக்கிடுங்க."

அவளுடைய அடைக் கூடையில் முட்டைகளோடு ஒரு துருப்பிடித்த ஆணியும் ஒரு கரித்துண்டும் கிடந்தன.

"இது எதுக்கு அக்கா?"

"இடி இடிச்சா முட்டை கூமுட்டையாப் போயிரும்ங்க. இரும்பு கெடந்தா ஒண்ணும் ஆகாது."

"முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சுக்கு இடி கேக்கும்னு சொல்றீங்களா?"

"அது தெரியத்தானே ஐயா நீங்க ஒடச்சு ஒடச்சுப் பாக்குறீங்க? கேக்காதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, ஆணிய எடுத்துர்றேன்."

என் ஆய்வின் நோக்கத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தக் குழுவின் முன்னும் நான் எடுத்துரைத்ததில்லை. விடுமுறை முடிவில், கடைசி வாரத்துக் குஞ்சுக்கு ஓசை எட்டக்கூடும் என்று அவளிடம் அறிக்கை சமர்ப்பித்தேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப ஆணி இருக்கட்டும்ங்க" என்றாள்.

தலைகீழான நீர்

நான் உண்மையில் தேடியது காதையன்று. காதுக்குள் இருக்கும் நீரை.

நம் உடலின் உயிர்க்கலங்களைச் சூழ்ந்திருக்கும் நீர் கடல்நீரைப் போன்றது. அதில் சோடியம் மிகுதி. கலங்களின் உள்ளேயோ பொட்டாசியம் மிகுதி. உடலெங்கும் இதுதான் சட்டம். உட்செவியில் மட்டும் ஒரு மெல்லிய குழாய்க்குள் இச்சட்டம் தலைகீழாகிறது. அங்கே கலங்களுக்கு வெளியே உள்ள நீரிலேயே பொட்டாசியம் நிறைந்திருக்கிறது. ஓசையை உணரும் மயிர்க்கலங்கள் தம் நுனிகளை அந்த நீரில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓசை வந்து அந்நுனிகள் அசையும்போது பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. அப்பாய்ச்சலே மூளைக்குச் செய்தியாகிறது.

இந்த நீரைத் தலைகீழாக வைத்திருப்பவை குழாயின் ஒரு பக்கச் சுவரிலுள்ள சில கலங்கள். அவை ஓயாமல் உப்பை ஒரு பக்கத்திலிருந்து வாங்கி மறுபக்கத்துக்குக் கடத்துகின்றன. கருவின் தொடக்க நாட்களில் அவை இந்த வேலையை அறியா. அப்போது குழாயில் இருப்பது சாதாரண நீர். பின்னர் ஏதோ ஒரு நாளில் அவை முதிர்ந்து வேலையைத் தொடங்குகின்றன. அந்த நாள் எது, கேட்கும் திறன் வருவதற்கு முன்னா பின்னா என்பதே என் கேள்வி. கடுகிலும் சிறிய துளியைக் கண்ணாடி மயிர்க்குழாயில் உறிஞ்சி, இருமுனையையும் மெழுகால் அடைத்து, நாள் குறித்து வைப்பேன். துறைக்குத் திரும்பியதும் அதைச் சுடரில் எரித்து, சுடரின் நிறத்தைக் கொண்டு உப்பை அளக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் பவளத்துக்கு விளக்கினேன். ஓசை வருவதற்கு முன்பே உப்பு ஆயத்தமாகிவிடுகிறது என்பது என் ஊகம் என்றேன்.

"அப்ப, ஒலய வச்சிட்டுத்தான் அரிசி வாங்கப் போகுதுன்னு சொல்லுங்க."

பின்னாளில் இதே செய்தியைப் பதினான்கு பக்கங்களில் எழுதினேன். அவளுடைய வாக்கியத்தை அதில் சேர்க்க இயலாமற் போனதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

அன்று அவளுக்கு நான் விளக்காமல் விட்ட பகுதி ஒன்று இருந்தது. உட்செவி உருவாகும் பருவத்தில் தாய்க்குச் சில நோய்கள் கண்டால், அக்கலங்கள் கெட்டுவிடக் கூடும். பிறகு அவை சீராவதில்லை. பிறக்கும் குழந்தை நன்கு வளரும், சிரிக்கும், பாலுண்ணும். ஓசை மட்டும் அதற்கு எட்டாது.

எங்கள் மகள் நிர்மலாவுக்கு அப்போது ஏழு மாதம்.

அம்மா வந்து போன வீடு

பவளம் அட்டன் நகரத்துப் பெண். மணமாகுமுன் அங்கே ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தாள். நிர்மலாவைச் சுமந்த மூன்றாம் மாதத்தில் தாய்வீடு சென்றிருந்தபோது அவளுக்கு இலேசான காய்ச்சலும் உடலெங்கும் செந்நிறத் தடிப்புகளும் கண்டன. மூன்றே நாட்களில் மறைந்தும் விட்டன. அவ்வீட்டில் அதை நோயென்று எவரும் சொல்லவில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்றார்கள். அந்தக் குளிரில் வேப்பமரம் வளராது. ஆகவே கீழ்நாட்டிலிருந்து இரயிலில் வந்து பாதி உலர்ந்திருந்த வேப்பிலைக் கொத்தை வாசலில் செருகினார்கள். அம்மா மனம் குளிர்ந்து போனாள் என்று கூழ் ஊற்றினார்கள். நானும் ஒரு குவளை குடித்தேன்.

குடித்துவிட்டு, என் அறைக்குத் திரும்பி, உட்செவி பற்றிய ஆங்கில நூலைப் பிரித்தேன். வேண்டிய பக்கம் இருந்தது. இருமுறை படித்து, ஓரத்தை மடித்து வைத்தேன். எவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அவளை அச்சுறுத்த வேண்டாம் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது பாதி உண்மை. வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்று நான் அஞ்சினேன் என்பது மறுபாதி. அடைக் கூடையில் ஆணி போட்டவளைப் பார்த்து முறுவலித்தவன் நான்.

ஐந்து காலைகள்

பவளமும் குழந்தையும் எனக்கு மூன்று வாரம் முன்னதாகவே தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். நான் ஒரு திங்கட்கிழமை மாலை வந்து சேர்ந்தேன். தாய்வீட்டில் பவளத்தோடு இருந்த குழந்தையை, பல்கலைக்கழகப் பணிக்கிடையே வார இறுதிகளில் மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது நாள் முழுவதும் பார்க்கலாம். அதாவது, இனிமேல் சோதிக்காமல் தப்ப முடியாது.

பெட்டியின் அடியில் ஓர் இசைக்கவை கொண்டு வந்திருந்தேன். தட்டினால் மெல்லிய, உயர்ந்த ஓசை எழுப்பும் எஃகுக் கவை. செவி பழுதானால் பெரும்பாலும் உயர்ந்த ஓசைகளே முதலில் மறையும் என்பதால் அதைத் தேர்ந்திருந்தேன்.

பவளம் ஒவ்வொரு காலையும் துணி துவைக்கப் பீலிக்குப் போவாள். மலையூற்று மூங்கில் குழாய் வழியாக விழும் இடம் அது. போய்வர ஒரு மணி நேரம் ஆகும். தந்தையார் ஆலையில் இருப்பார். செவ்வாய்க்கிழமை காலை, குழந்தையைப் பாயில் கவிழ்த்துப் படுக்கவிட்டு, நிழல் முன்னே விழாதபடி பின்னால் மண்டியிட்டேன். கவையைச் செருப்பின் குதியில் தட்டி, அவளுடைய வலக்காதின் அருகே பிடித்தேன். கவை என் விரல்களில் இனிது அதிர்ந்தது.

நிர்மலா பாயின் நூல் ஒன்றைப் பிடித்து இழுப்பதில் ஈடுபட்டிருந்தாள். திரும்பவில்லை.

இடக்காது. திரும்பவில்லை.

புதன்கிழமையும் திரும்பவில்லை. வியாழக்கிழமை கவையை ஓங்கித் தட்டினேன். நூல் அறுந்ததே தவிர வேறு பயன் இல்லை. வெள்ளியும் சனியும் அவ்வாறே. குறிப்பேட்டில் ஐந்து நாட்களுக்கும் எதிரே ஐந்து சிறு கோடுகள் இட்டேன். ஆய்வாளனின் கையெழுத்து சற்றும் நடுங்கவில்லை என்பதை இன்று அந்த ஏட்டைப் பார்க்கும்போது கவனிக்கிறேன்.

தாய் பெயர் சொல்லி அழைத்தால் அவள் திரும்புகிறாளே என்று வாசகர் கேட்கக் கூடும். நானும் கேட்டுக்கொண்டேன். தாய் நடந்து வரும்போது பலகைத் தரை அதிர்கிறது, அதைக் குழந்தை வயிற்றால் உணர்கிறது என்று விடையும் கண்டேன். தாத்தாவின் இருமலுக்குச் சிரிக்கிறாளே? இருமும்போது அவர் தலை ஆடுகிறது. படித்தவன் அஞ்சினால் தன் படிப்பையே அச்சத்துக்கு ஏவலாளாக்கிக் கொள்வான். என் ஏவலாள் மிகத் திறமையானவன்.

அந்த வாரம் முட்டைகள் மேசையிலேயே கிடந்தன. மாரியாயி எட்டிப் பார்த்து, "ஐயா, காது அகப்படலீங்களா?" என்று பரிவோடு விசாரித்தாள்.

பவளம் ஒன்றும் விசாரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை

ஞாயிறன்று மூவரும் அட்டனுக்குக் கோயிலுக்குப் போனோம். திரும்பும் பேருந்தில், மறுநாள் காலை இறுதியாக ஒருமுறை சோதிப்பது, அதன் பிறகு பவளத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் வாக்கியத்தைக்கூட அமைத்துக்கொண்டேன். அது மிக நீளமான வாக்கியமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் வாளியுடன் படியிறங்கியதும் பாயை விரித்தேன். குழந்தை வாசல் பக்கம் பார்த்துக் கிடந்தாள். கவையைத் தட்டினேன். இம்முறை மெல்லத்தான் தட்டினேன்.

நிர்மலாவின் தலை திரும்பியது. கண், தோள், கை என்று மொத்தமாகத் திரும்பிக் கவையைப் பற்றினாள். வாயில் வைத்துக்கொள்ளவும் முயன்றாள்.

என் நிழல் பட்டிருக்கும் என்று நினைத்தேன். இடம் மாறி, கையை முதுகுக்குப் பின் வைத்துத் தட்டினேன். திரும்பினாள். இடக்காதுப் பக்கம் போனேன். திரும்பினாள். அடுத்த அறைக்குப் போய்க் கதவின் மறைவில் நின்று தட்டினேன். கதவை நோக்கித் தவழ முயன்று, முடியாமல், என்னைக் கடிந்து ஒரு கூவல் கூவினாள்.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஐந்து நாள் முடிவை ஆறாம் நாள் மறுத்தால், ஆய்வாளன் முதலில் ஆறாம் நாளைத்தான் ஐயுறுவான்.

"இன்னைக்குத் திங்கக்கெழமைங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பவளம் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வாளி வெறுமையாக இருந்தது. அவள் பீலிக்குப் போகவே இல்லை.

"அதனால?"

"பாக்டரி ஓடல."

நான் சுவரைப் பார்த்தேன். அதன் மறுபக்கந்தான் கொழுந்து அரைக்கும் உருளைகளின் அறை. பறித்த கொழுந்து ஓரிரவு வாடி, மறுநாள் காலையில்தான் அரைபடும். ஞாயிறு கொழுந்து பறிப்பதில்லை. ஆகவே திங்கட்கிழமை காலையில் அரைப்பதற்கு எதுவும் இராது. வாரத்தின் மற்றெல்லாக் காலைகளிலும் அந்த உருளைகள் எங்கள் வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தையும் ஆட்டியபடி இரைந்துகொண்டிருக்கும். நான் அச்சுவரின் இப்பக்கத்தில் பிறந்தவன். அந்த இரைச்சல் என் காதில் விழுந்து பல்லாண்டுகள் ஆயிருந்தன. கவையின் ஓசை என் விரலில் அதிர்ந்தது. விரல் உணர்ந்ததைக் காது கேட்டதாக நான் கொண்டேன். அந்த இரைச்சலில் அது ஒரு சாண் தொலைவுக்கும் போயிருக்காது.

"அப்ப அந்த அஞ்சு நாளும்..."

"அஞ்சு நாளும் ரோலர் ஓடுச்சு. ஊருக்கே கேக்குது. காதப் பத்திப் படிச்சவருக்கு மட்டும் கேக்கல." சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "மாமாகிட்ட சொல்லவா? காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கிற எல்லாருக்கும் சொல்லிருவாரு."

"சொல்லாதே."

"மாரியாயிகிட்ட மட்டும்?"

"பவளம்."

அவள் சிரிப்பு நின்றது. வந்து பாயில் உட்கார்ந்து குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு வியாழக்கெழமையே தெரியும். சோப்பு எடுக்கத் திரும்பி வந்தப்ப அடுப்படி ஜன்னல்ல இருந்து பாத்தேன். செருப்பக் கையில வச்சுக்கிட்டு மண்டி போட்டிருந்தீங்க. மொதல்ல என்னமோ கும்புடுறீங்கன்னு நெனச்சேன்."

"புள்ளைக்குக் கேக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த மொத வாரம் நானும் பயந்துதான் போனேன். பின்னால நின்னு ஸ்பூனால தட்டுவேன், திரும்ப மாட்டா. அப்புறம் ஒரு திங்கக்கெழமை தட்டினேன், திரும்பினா. அடுத்த திங்கக்கெழமையும் பாத்தேன். அதுக்கப்புறந்தான் நல்லா சாப்புட்டேன்."

"நீ ஏன் பயந்தே?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எனக்கு வந்துச்சே, அந்தக் காய்ச்சல்."

நான் பாயின் அறுந்த நூலை எடுத்து விரலில் சுற்றினேன்.

"அந்தப் பக்கத்த மடிச்சு வச்சது நீங்கதானே? நானும் இங்கிலீசு படிச்சவதாங்க. அம்மா வீட்டுல இருந்து வந்த அன்னைக்கே படிச்சுட்டேன்."

அதாவது, ஓராண்டாக அவளும் அறிந்திருந்தாள். வயிற்றில் குழந்தை புரண்டபோதும், பிறந்து முதன்முதல் அழுதபோதும், எங்கள் இருவர் மனத்திலும் ஒரே பக்கம் திறந்து கிடந்திருக்கிறது. நான் அவளிடமிருந்து மறைத்தேன். நான் மறைப்பது அவளுக்குத் தெரியும் என்பதை அவள் என்னிடமிருந்து மறைத்தாள்.

"வியாழக்கெழமையே சொல்லியிருக்கலாமே. ரெண்டு நாள் குறைஞ்சிருக்கும்."

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். வெள்ளிக்கெழம இருந்தேன். சனிக்கெழம இருந்தேன். நேத்து பஸ்ல வாயத் தொறந்தீங்க, சரி, இப்பச் சொல்லிருவாருன்னு பாத்தா, டிக்கட்டக் கேட்டீங்க."

குழந்தை இசைக்கவையை விழுங்கப் பார்த்தது. அவள் அதைப் பிடுங்கித் தன் பல்லில் ஒருமுறை தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு வேறு குரலில், "இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிரணும். தனியா வச்சுக்கிட்டு மண்டி போடக் கூடாது. என்னா?"

சரி என்றேன்.

தேர்வு

அந்த வாக்கை நான் பலமுறை மீறினேன். பதவி உயர்வு கைநழுவியதை அவளிடம் சொல்ல எட்டு நாள் ஆயிற்று. என் தந்தையார் காலமான தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் சமைத்ததை உண்டு முடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் சொல்லும் முன்பே அவள் அறிந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் காத்திருந்தாள். இத்தனை படித்தும் இந்த ஒரு பாடத்தில் என்னால் தேற முடியவில்லை என்று உறவினர் முன்னிலையில் அறிவிப்பதும் அவள் வழக்கம்.

சென்ற ஆண்டு ஒரு முற்பகலில், பவளம் படுத்திருந்த மருத்துவமனையில், மருத்துவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொன்னார். சொன்னதில் ஐயத்துக்கு இடமில்லை. நான் அறைக்குள் போய், நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, அவர் சொன்னதனைத்தையும் சொன்னேன். ஒரு சொல்லையும் விட்டுவிடவில்லை. எஞ்சியிருந்த நாட்களின் அளவையும் சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் திறந்தாள்.

"பரவாயில்லையே. தேறிட்டீங்களே."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"நிர்மலாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நீங்களே சொல்லுங்க. டாக்டர் பேசுற மாதிரி பேசாதீங்க. நம்ம வீட்டுப் பேச்சுல சொல்லுங்க."

நிர்மலா வேறொரு நாட்டில் வாழ்கிறாள். அங்கே அப்போது காலை. தொலைபேசியைச் சன்னலருகே கொண்டுபோய் அழைத்தேன். அவள் குரல் கேட்டதும், அமைத்து வைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். அது சிறிய வாக்கியந்தான். "அம்மாவுக்கு" என்ற சொல்வரை வந்தது. அதற்கப்பால் குரல் எழவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று அவள் வைத்துவிடுவாளோ என்று அஞ்சினேன்.

அவள் வைக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, கடலுக்கு அப்பாலிருந்து, மிக மெதுவாகச் சொன்னாள்:

"சொல்லுங்கப்பா. கேக்குது."